ஐஸுக்குப் பேசின பேச்சு

வெள்ளிமுனை என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கோயில் கொடிமரத்தைவிட உயரமாக ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. அது எரியாமல் போன ஒரு சாயங்காலத்தில் ஒருத்தி தாலியை இழந்தாள். பிழை யாருடையது என்று ஊர் அடித்துக்கொண்டது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் மனசில் வைத்துக்கொண்டே வாருங்கள்.

அவள் பெயர் பிரகாசி. கைக்குழந்தைக்காரி. மீனவர் சங்கத்து அறையைப் பெருக்குவதும், கூட்டம் நடந்தால் டீ போடுவதும் அவள் வேலை. புருஷன் சிலுவை வள்ளத்தில் வலைக்குப் போகிறவன்.

சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். கடலில் மிதக்கும் கருவிகள் அலையையும் காற்றையும் அளந்து அதற்கு அனுப்பும். அதை வைத்து, கடல் பொங்குமா அடங்குமா என்று கணக்குப் போட வேண்டும். அவ்வளவு பெரிய கணக்குக்கு அந்தச் சின்னப் பெட்டிக்குத் தெம்பு ஏது? தூரத்து ஊர்களில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களிடம் வேலையைக் கொடுத்துப் பதிலை வாங்கும். யாரிடம் கொடுப்பது, எந்நேரத்துக்குள் பதில் வேண்டும், தவறினால் என்ன ஈடு, இதையெல்லாம் மனிதர் பேசுவதில்லை. இங்கே ஒரு புரோகிராம், அங்கே ஒரு புரோகிராம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவார்களே, அந்த மாதிரி சத்தமில்லாமல், கண்மூடித் திறப்பதற்குள் பேசி முடித்துவிடும். ஊரில் அதற்குத் தரகன் என்றே பெயர் விழுந்தது.

தரகனுக்குப் பேரம் சொல்லிக்கொடுத்தவன் ரூபன், டவுனிலிருந்து வந்த இன்ஜினியர். சங்கக் கூட்டத்தில் கேட்டான்.

"அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் நேரத்துக்குப் பதில் தரலைன்னா என்ன ஈடு கேக்கச் சொல்லட்டும் ஐயா?"

தலைவர் தொம்மை மாமா யோசிக்கவேயில்லை. "ஐஸ் கம்பெனிக்கு என்ன பேச்சோ அதே பேச்சுதான் தம்பி. இன்னைக்கு ஐஸ் வரலைன்னா நாளைக்கு ரெட்டிப்பா இறக்கணும். எங்கப்பன் காலத்துப் பேச்சு. இதுவரைக்கும் யாரும் கெட்டுப்போகல."

"சரிங்க. இன்னொண்ணு. கடல் பொங்கும்னு பதில் வந்தா கம்பத்து வெளக்கு எரியும். எரிஞ்சா போகக்கூடாது, எரியலைன்னா போகலாம். பதிலே வராத அன்னைக்கு வெளக்கு என்ன செய்யணும்?"

"எலே, அடுப்பே பத்த வைக்கல, சோறு தீஞ்சா என்ன செய்யன்னு கேக்கான் பாரு!" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. "டீ ஆறுது, குடி தம்பி" என்றார் தொம்மை மாமா. ரூபன் டீயைக் குடித்தான். டம்ளர் எடுக்க வந்த பிரகாசிக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தது. படித்த பிள்ளை, அவனே பார்த்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

விளக்கு நன்றாகவே வேலை செய்தது. கெடுதலே அங்கேதான். எரிந்த நாளெல்லாம் கடல் பொங்கியது, எரியாத நாளெல்லாம் அடங்கிக் கிடந்தது. ஊர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பார்த்தது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். வலையைத் தோளில் போட்ட சிலுவை வாசலிலேயே நின்றான்.

"ஏட்டி, வாடைப் பக்கம் வானம் கருத்துக் கெடக்கே. போகவா, வேண்டாமா?"

பிரகாசி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "அதான் வெளக்கு எரியலைல்லா. போயிட்டு வாங்க. கம்ப்யூட்டரைவிட உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

"தெரியாதும்மா தாயே" என்று சிரித்தான். குழந்தையின் பாதத்தைச் செல்லமாக ஒரு கடி கடித்துவிட்டுப் போனான்.

தூரத்துக் கம்ப்யூட்டர் அன்று வேலையை ஏற்றிருந்தது வாஸ்தவம். நடுவில் பெரிய இடத்து வேலை ஒன்று வந்தது. வெள்ளிமுனைக்குத் தவறினால் என்ன போகும்? நாளைக்கு ரெட்டிப்பு, அவ்வளவுதானே. நம் வேலையை இறக்கி வைத்தது. ஒளிக்கவும் இல்லை: தவறிவிட்டேன், பேசின ஈட்டைத் தருகிறேன் என்று சொல்லியனுப்பியது. ரெட்டிப்பு லாபம்தான் என்று நம் தரகனும் ஒத்துக்கொண்டது. விளக்குக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எரியவில்லை.

அன்று ராத்திரி கடல் பொங்கியது. வள்ளம் கரை ஒதுங்கியது. சிலுவை ஒதுங்கவில்லை.

மறுநாள், சொன்ன சொல் தவறாமல் ஈடு வந்து இறங்கியது. ஒரு கணக்குக்கு இரண்டு கணக்கு. இரண்டும் சொன்னது ஒன்றேதான்: இன்று கடல் அமைதி.

சங்கத்தில் வாய்ச்சண்டை. "வாக்குத் தவறினவன் தூரத்துக்காரன்தான்" என்றார் தொம்மை மாமா. "பேசின ஈட்டைக் கொடுத்தாச்சு. உயிர்க் காரியம்னு உங்க தரகன் சொல்லவே இல்லையே" என்றது போனில் அந்தக் கம்பெனிக் குரல். "நான் கேட்டேன், நீங்கல்லாம் சிரிச்சீங்க" என்றான் ரூபன். மூலையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பிரகாசி, "நான்தான் போகச் சொன்னேன்" என்றாள். அந்தக் கூச்சலில் யார் காதிலும் அது விழவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தூரத்துக்காரன், தொம்மை மாமா, ரூபன், பிரகாசி. இவர்களில் யார் பிழை பெரிது?

விடை இது. தவறினாலும் தவறுவேன் என்பதைத் தூரத்துக்காரன் ஈடு பேசியபோதே சொல்லிவிட்டான். தொம்மை மாமா உயிரை ஐஸ் என்று நினைத்துப் பேசினது அறியாமை. பிரகாசி ஊர் நம்பியதை நம்பினாள். கடல் அடங்கினாலும் விளக்கு இருண்டு கிடக்கும், பதிலே வராவிட்டாலும் இருண்டு கிடக்கும் என்று தெளிவாகத் தெரிந்தவன் ரூபன் ஒருவனே. கேட்ட கேள்விக்குப் பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விளக்கை மாட்டினான். பிறகு ஊர் முழுக்க அதையேதான் செய்தது, விளக்கு எரியாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. பிழை பெரிது அவனுடையதே. பின்னால் அவனே வந்து விளக்கை மாற்றினான். கடல் நல்லது என்று பதில் வந்தால் மட்டும் இப்போது பச்சை எரியும், இருட்டாயிருந்தால் யாரும் வள்ளத்தைத் தொடுவதில்லை. உன் மேல் பிழையில்லை என்று ஊரே பிரகாசியிடம் சொல்லிவிட்டது. பச்சை எரிகிற சாயங்காலங்களில் அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.