டொக் டீச்சரின் வகுப்பு

பரஞ்சோதியின் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடவேளை வந்துவிட்டால் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்கும். அடுத்த அறை இன்னொரு ஆங்கில ஆசிரியை சகாயமேரியினுடையது. அங்கே அதே நேரத்தில் சந்தைக் கூச்சலாக இருக்கும். பிள்ளைகள் உடைந்த ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள்.

போன வருடம் வரைக்கும் பரஞ்சோதி அந்தக் கூச்சலைப் பற்றித் தலைமையாசிரியரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் ஆசிரியர் அறையில் தன் நாற்காலியை நகர்த்தி சகாயமேரியின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். வயதில் இவள்தான் மூத்தவள். சகாயமேரி வேலையில் சேர்ந்தபோது இவளுடைய மகள் கல்லூரியே முடித்திருந்தாள். இருந்தாலும் கற்றுக்கொள்ள வந்தவள் இவள்தான்.

காரணம், வெள்ளிக்கிழமை மாவட்டக் கல்வி அலுவலர் வருகிறார். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் பேசுகிறார்களா என்று வகுப்பு வகுப்பாகப் பார்க்கப்போகிறார். பிள்ளைகள் பேசாவிட்டால் ஆசிரியர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒருவரை அப்படி நிறுத்திவைத்தார்களாம். கேள்விப்பட்டதிலிருந்து பரஞ்சோதிக்குச் சோறு இறங்கவில்லை.

"எம்பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும், மேரி டீச்சர். எழுதச் சொன்னா எழுதுதாங்க. வாயைத்தான் திறக்க மாட்டேங்காங்க. என்ன செய்ய?"

சகாயமேரி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"இதையே இங்கிலீஷ்ல கேளுங்கக்கா."

பரஞ்சோதி சிரிக்கப் பார்த்தாள். சகாயமேரி சிரிக்கவில்லை.

பரஞ்சோதி ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள். தலை நரைக்கும் வரை அதைத்தான் கற்பித்திருக்கிறாள். ஆனால் புத்தகத்தில் இருப்பதை வாசிப்பாள், தமிழில் விளக்குவாள். தன் மனதில் இருப்பதை அந்த மொழியில் யாரிடமும் சொன்னதில்லை. எதிர் மேசையில் கணக்கு வாத்தியார் அருணகிரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். யாராவது ரெண்டு வார்த்தை ஆங்கிலத்தில் பேசிவிட்டால், என்ன, பீட்டர் விடுத மாதிரி இருக்கு என்று கேட்பவர்.

பரஞ்சோதி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் முடிவதற்குள் சகாயமேரி கரண்டியால் மேசையைத் தட்டினாள்.

டொக்.

பரஞ்சோதி நிறுத்தினாள். சொன்னதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. வேறு மாதிரி சொல்லிப்பார்த்தாள். டொக். இன்னும் வேறு மாதிரி. டொக். காது மடல் சூடானது. அருணகிரி தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் அவருடைய பேனா நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

"என்ன தப்பு சொன்னேன்?" என்று தமிழில் கேட்டாள்.

"ஒரு தப்பும் இல்லக்கா. சும்மா தட்டினேன்."

பரஞ்சோதி தன் வலது கையைப் பார்த்தாள். நடுவிரலில் கல் வைத்த மோதிரம். பேச எழுந்த பிள்ளை தப்பாகச் சொல்லும்போதெல்லாம் மோதிரத்தால் மேசையைத் தட்டுவது அவள் வழக்கம். தப்பை அந்த நிமிடமே உணர்த்த வேண்டும் என்று நம்பியிருந்தாள். பிள்ளைகள் தனக்கு டொக் டீச்சர் என்று பெயர் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் ஒவ்வொரு டொக்கையும் விக்கெட்டாக எண்ணுவதும் தெரியும். இசக்கியம்மாள் என்ற பெண் ஒரு நாள் வாயைத் திறந்ததுமே ஒரு டொக் வாங்கினாள். இசக்கி முதல் பந்துலயே அவுட் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு இசக்கி ஆங்கில வேளையில் தண்ணீர் குடிக்கப் போகக்கூட அனுமதி கேட்பதில்லை.

மறுநாள் பரஞ்சோதி மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாள். 'என் பொழுதுபோக்கு' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், கை கட்டினார்கள், ஒரு வரி சொல்லிவிட்டு அவளுடைய கையைப் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். இசக்கி எழுந்து நின்றதோடு சரி.

"தட்டுறத விட்டுட்டேன். அப்பவும் பேச மாட்டேங்காங்க," என்றாள் மதியம். "நாளைக் கழிச்சு வெள்ளி."

சகாயமேரி குனிந்து அவளுடைய சேலைக் கரையைப் பார்த்தாள். ஏன் இவ்வளவு சேறு என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

காலையில் பஸ் நிற்காமல் போய்விட்டதையும், வயல் வழியே குறுக்கே நடந்து வந்ததையும், வரப்பில் ஓர் எருமை படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்ததையும், வேறு வழியில்லாமல் வாய்க்காலில் இறங்கியதையும் பரஞ்சோதி சொன்னாள். சகாயமேரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எருமை என்ன பாஷையில பதில் சொல்லுச்சு, டீச்சர்?" என்றார் அருணகிரி.

அப்போதுதான் பரஞ்சோதிக்கு உறைத்தது. அவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளையிலேயே அலுவலர் வந்தார். தலைமையாசிரியரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பரஞ்சோதிக்கு, தான் தயார் செய்து வைத்திருந்த தலைப்பெல்லாம் மறந்துபோயிற்று. கண்ணில் பட்டது இசக்கி. முந்தின நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பரஞ்சோதி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான், போயும் போயும் இவளிடமா கேட்டோம் என்று தோன்றியது.

இசக்கி எழுந்தாள். கை கட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அலுவலர் போனபின் பரஞ்சோதி ஆசிரியர் அறைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. உட்காரவில்லை.

"இசக்கி பேசினா," என்றாள்.

"என்ன பேசினா?"

"அவ தம்பி மூக்குக்குள்ள புளியங்கொட்டையைத் திணிச்சுக்கிட்டானாம். வீட்டுல யாருமில்ல. இவதான் தூக்கிட்டு ஓடியிருக்கா. கட்டியிருந்த கையை எப்போ எடுத்தாள்னே தெரியல, நிறுத்தாமச் சொல்லிட்டே போறா. ஆனா எவ்வளவு தப்பு, மேரி டீச்சர். எனக்கு உயிரே போச்சு. அலுவலர் நெத்தியைச் சுருக்கினார். ஹெச்.எம். காதுல என்னமோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார்?"

"பிள்ளைங்க?"

"சிரிச்சாங்க."

"எதுக்கு?"

"தப்பாப் பேசினதுக்குத்தான் இருக்கும்."

"இசக்கி உட்கார்ந்துட்டாளா?"

பரஞ்சோதி யோசித்தாள்.

"இல்ல. அவளும் சேர்ந்து சிரிச்சா." மறுபடியும் ஆரம்பித்தாள். "போகும்போது அவர் எங்கிட்ட நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. அதான் பயமா இருக்கு. நான் நடுவுல திருத்தியிருக்கணுமோ?"

சகாயமேரி இருவருக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"தம்பி மூக்கிலிருந்து கொட்டை வந்திருச்சாக்கா?"

பரஞ்சோதி பதில் சொல்ல வாயெடுத்தாள். இசக்கி அதைச் சொன்னது நினைவிருந்தது. அவள் மூக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் என்னவோ செய்து காட்டியது ஓரக்கண்ணில் பட்டிருந்தது. அப்போதுதான் வகுப்பே சிரித்தது. அந்த நேரம் பரஞ்சோதி அலுவலரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; கொட்டை வந்ததா இல்லையா என்பது காதில் ஏறவேயில்லை.

சகாயமேரி காத்திருந்தாள். எதிர் மேசையில் அருணகிரியும் பேனாவை மூடி வைத்துவிட்டு இவள் பக்கமாகத் திரும்பியிருந்தார்.