பொம்போன் ஆடிய நாட்டியம்

பிள்ளைகளே, பெரியவர்களே, நெருங்கி உட்காருங்கள். பிரெஞ்சு தேசத்திலே, சீமான்களும் சீமாட்டிகளும் தலைமுடியில் வெள்ளைப் பொடி தூவிக்கொண்டு உலாவிய காலத்திலே நடந்தது இது.

அப்போது அங்கே நாய்களை ஆடவைப்பதுதான் நாகரிகம். நாய்க்குப் பாவாடை கட்டுவார்கள், தொப்பி மாட்டுவார்கள், பின்னங்கால்களில் நின்று ஆடச் சொல்வார்கள். அதை ஓவியரைக் கொண்டு வரையச் செய்து வரவேற்பறையில் மாட்டுவார்கள். நாய்ப்படம் இல்லாத வீட்டை யாரும் மதிக்கமாட்டார்கள்.

அர்மாந்த் என்றொரு சீமாட்டி இருந்தாள். அவளிடம் பொம்போன் என்ற வெள்ளை நாய் இருந்தது. உருண்டை உடம்பு, குட்டைக் கால். அதற்கு ஆட்டம் கற்றுத்தர, தெருவில் வித்தை காட்டும் பெனுவாவை அழைத்துவந்தாள்.

முதல் நாள் பெனுவா குழல் ஊதினான். பொம்போன் தூங்கியது. இரண்டாம் நாள் ஊதினான். பொம்போன் காதைச் சொறிந்தது. மூன்றாம் நாள் ஊதினான். பொம்போன் அவன் தொப்பியைத் தின்றது.

"அம்மணி, இது ஆடப் பிறந்த நாய் இல்லை" என்றான் பெனுவா.

"அதனால் என்ன? படத்தில் ஆடட்டும்" என்றாள் சீமாட்டி.

ஓவியரும் அப்படியே வரைந்தார். நீலப் பட்டுப் பாவாடையில், கையில் விசிறியோடு, மயில்போல் ஆடியது பொம்போன். படத்தின் புகழ் ஊரெங்கும் பரவி இளவரசியின் காதுக்கும் எட்டியது. "அந்த நாயின் ஆட்டத்தை நேரிலேயே பார்க்க வருகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சீமாட்டி உடனே பெனுவாவைக் கூப்பிட்டாள். "ஆடத் தெரிந்த உன் நாய் முசேத்தைக் கொடு. பொம்போன் என்று சொல்லி ஆடவைப்போம்."

"முசேத் பழுப்பு நிறமாயிற்றே, அம்மணி!"

"எங்கள் வீட்டில் பொடிக்கா பஞ்சம்? மாட்டேன் என்றால் இந்த ஊரில் இனி நீ குழலையே எடுக்க முடியாது."

பாவம், பெனுவா என்ன செய்வான்? முசேத்தைத் தலை முதல் வால் வரை பொடியால் வெளுத்தான்.

இளவரசி வந்தாள். முசேத் ஆடியது. எல்லோரும் ஆகா என்றார்கள். ஆனால் பொடி மூக்கில் ஏற, முசேத் ஒரு தும்மல் போட்டது. இன்னொன்று போட்டது. மூன்றாவது தும்மலோடு உடம்பை ஓர் உதறு உதறியது பாருங்கள்! கூடமே புகைமண்டலம். பிரபுக்கள் தும்மினார்கள், சீமாட்டிகள் தும்மினார்கள், இளவரசியும் தும்மினாள். புகை அடங்கியபோது நடுவில் நின்றது ஒரு பழுப்பு நாய். அந்த நேரம் பார்த்து, சமையலறையில் திருடிய கோழிக்காலோடு உள்ளே வந்தது பொம்போன்.

காவலர் தலைவன் பெனுவாவின் கழுத்தைப் பிடித்தான். "இளவரசியையா ஏமாற்றினாய்? நட சிறைக்கு!"

தெருவில் வித்தை காட்டுகிறவன் சொன்னால் யார் நம்புவார்கள்? பேசாமல் இருந்தால் சீமாட்டி தப்பித்துவிடலாம். அவளும் ஒரு கணம் தரையைத்தான் பார்த்தாள். பிறகு காவலர் தலைவன் பெனுவாவை வாசல் பக்கம் இழுப்பதைப் பார்த்தாள். முகம் சிவக்க முன்னால் வந்தாள்.

"அவரை விடுங்கள். பொடி பூசச் சொன்னது நான். மிரட்டியதும் நான். என் நாய்க்கு ஆடவே தெரியாது."

இளவரசி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என் நாய் குடை பிடித்து ஆடுவதுபோல் அரண்மனையில் ஒரு படம் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். நிஜத்தில் படி ஏறவே அதை நான்தான் தூக்க வேண்டும்."

"என் நாய் மேளம் அடிப்பதாகப் படம் இருக்கிறது. மேளத்தைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும்" என்றாள் ஒரு சீமாட்டி.

மூலையிலிருந்து ஒரு கிழப் பிரபு மெல்ல எழுந்தார். "என் வீட்டில் படம் மட்டும்தான் இருக்கிறது. நாயே கிடையாது."

பெனுவாவை விட்டார்கள். சீமாட்டி எல்லார் எதிரிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு முசேத் தன் சொந்த நிறத்திலேயே, சொந்தப் பெயரிலேயே இன்னொரு முறை ஆடியது.

நாம் செய்த தவறுக்கு இன்னொருவர் தண்டனை பெற நேர்ந்தால், வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்வதே நமக்கு மதிப்பு.