அருவிக்கடியில் கூவிய கங்காணி

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் செங்கொண்டை என்றொரு மரங்கொத்தி வேலை பார்த்து வந்தது. வேலை என்றால் சும்மா மரத்தைத் தட்டிக்கொண்டிருப்பது இல்லை, பிள்ளைகளே. பட்டையில் இரண்டு தட்டுத் தட்டும். காதை வைத்துக் கேட்கும். அந்த ஓசையிலேயே புழு எங்கே துளைக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். உடனே கொத்தி, புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். அந்த நாவல் தோப்பு பட்டுப்போகாமல் நின்றதற்கு அதன் அலகுதான் காரணம்.

தோப்புக்குக் கங்காணி ஒரு நரி. உதிரும் பழத்தில் கொத்துகிறவருக்கு நாளுக்குப் பத்துப் பழம், குடியிருக்க ஒரு பொந்து, மிச்சமெல்லாம் கங்காணிக்கு என்பது சிங்கராஜா செய்து வைத்த ஏற்பாடு. நரி மரம் ஏறாது, புழு பிடிக்காது. நாள் முழுவதும் நிழலில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். அப்படியும் அதற்கு அந்த மிச்சம் போதவில்லை.

"செங்கொண்டை, இனி உனக்கு நாலு பழம் போதாதா?" என்று ஒரு நாள் கேட்டது.

"நாலு பழத்தில் நானும் என் மனைவியும் பொரிக்கப்போகும் மூன்று குஞ்சுகளும் எப்படிப் பிழைப்பது, கங்காணி ஐயா?"

நரி சிரித்துக்கொண்டே போய்விட்டது.

ஆற்றுக்கு அப்பால் இருந்த மலையில் அப்போதுதான் காட்டுத்தீ பற்றி எரிந்து ஓய்ந்திருந்தது. அங்கிருந்த மரங்கொத்திகள் கூடும் இரையும் இல்லாமல் தவித்தன. அவற்றில் ஒன்றைக் கூட்டி வந்தால் நாலு பழத்துக்கே சம்மதிக்கும் என்று நரி திட்டம் போட்டது. ஆனால் காட்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. ஒரு வேலைக்கு இங்கே ஆள் இல்லை என்றால் மட்டுமே வெளியிலிருந்து அழைக்கலாம். அதற்கு முன் மூன்று நாள், நாளுக்கு ஒரு முறை, உரக்கக் கூவி ஆள் தேட வேண்டும்.

நரி கூவத்தான் செய்தது. எங்கே போய்க் கூவியது தெரியுமா? பேரருவி விழும் பாறைக்கு அடியில்! யானை பிளிறினாலும் பக்கத்து யானைக்குக் கேட்காத இடம் அது. மூன்று நாளும் அங்கே நின்று, "மரம் கொத்த ஆள் வேண்டும்!" என்று தொண்டை கிழியக் கத்தியது. பாறையிடுக்கில் கிடந்த ஆமை ஒன்றைத் தவிர அங்கே ஒரு உயிரும் இல்லை.

நான்காம் நாள் சிங்கராஜாவின் குகைக்குப் போய்க் கண்ணைக் கசக்கியது. "என்ன சொல்வேன் ராஜா! இந்தக் காட்டில் மரம் கொத்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே!"

அந்த நேரத்தில்கூடச் செங்கொண்டை கொத்தும் ஓசை தோப்பிலிருந்து டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! ராஜாவோ தூக்கக் கலக்கத்தில் தலையை ஆட்டி அனுமதி கொடுத்துவிட்டது.

மறுநாள் நரி, பொன்முதுகு என்ற மரங்கொத்தியோடு தோப்புக்கு வந்தது.

"செங்கொண்டை, இனி இந்த வேலை இவனுக்கு. ஒரு வாரம் கூடவே இருந்து, எந்த மரத்தில் எப்படித் தட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடு. பிறகு பொந்தைக் காலி செய்."

"முட்டை பொரிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே, ஐயா!"

"சொல்லிக்கொடுக்க மாட்டாயா? அப்படியானால் இன்றைக்கே காலி செய்."

வேலையைப் பறிப்பார்களாம். பறித்த வேலையை எப்படிச் செய்வது என்று பறிகொடுத்தவனே கற்றுத்தரவும் வேண்டுமாம். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. செங்கொண்டைக்கு எப்படி இருந்திருக்கும்? முட்டைகளை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. மூன்றாம் நாள் அதனால் முடியவில்லை.

"என் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட வந்தாயா? உன் மலைக்கே திரும்பிப் போ!" என்று பொன்முதுகிடம் சீறியது.

"மலையில் கரிதான் இருக்கிறது, அண்ணே" என்றது பொன்முதுகு. "இந்தத் தோப்பில் மரங்கொத்தியே கிடையாது, மரமெல்லாம் சாகிறது, வந்து காப்பாற்று என்றுதான் கங்காணி என்னை அழைத்தார். வந்து பார்த்தால் நீங்கள் இருக்கிறீர்கள். வேறு தோப்பில் வேலை தேடிக்கொள்கிறேன் என்று அவரிடம் கேட்டேன். தன்னை விட்டுப் போனால் அன்றைக்கே ஆற்றைத் தாண்டிவிட வேண்டும் என்று மிரட்டுகிறார்."

"உனக்கு எத்தனை பழம் தருகிறான்?"

"நாலு."

செங்கொண்டையின் கோபம் தணியவில்லை. ஆனால் அது யார்மேல் இருக்க வேண்டுமோ அவர்மேல் திரும்பியது. இரண்டு மரங்கொத்திகளும் நேராகச் சிங்கராஜாவிடம் பறந்து போய் முறையிட்டன. காட்டுச் சபை கூடியது.

நரி கொஞ்சமும் அசரவில்லை. "நான் மூன்று நாளும் கூவினேன், ராஜா. ஆமையே சாட்சி" என்றது.

ஆமை பொய் சொல்லாது. பார்த்ததற்கும் கேட்டதற்கும் மேல் ஒரு சொல்லும் சொல்லாது. "கங்காணி மூன்று நாள் வந்தார். மூன்று முறை வாயைத் திறந்தார்" என்றது.

"என்ன சொன்னார்?" என்று செங்கொண்டை கேட்டது.

"அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டாவி விடுகிறார் என்று நினைத்தேன்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நரி மட்டும் சிரிக்கவில்லை. "கூவ வேண்டும் என்றுதானே சட்டம், ராஜா? யாருக்காவது கேட்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது?"

சிங்கம் பிடரியைச் சொறிந்தது. "அதுவும் சரிதான்..." என்று இழுத்தது.

"எது சரி, ராஜா?" செங்கொண்டை குறுக்கிட்டது. "என் மனைவி முட்டைகளை விட்டு எழ முடியாமல் பொந்தில் இருக்கிறாள். இன்னும் நாலு நாளில் அவளை வெளியே தள்ளப்போகிறார்கள். நான் என்ன தப்புச் செய்தேன்?"

நரி உருகிப்போனது போல் முகத்தை வைத்துக்கொண்டது. "எனக்கு இவன்மேல் என்ன பகை? பழத்துக்கு ஆசைப்பட்டா செய்தேன்? பொன்முதுகின் திறமைக்காகத்தான் அழைத்தேன், ராஜா. இப்படி ஒரு அலகு இந்தக் காட்டிலேயே கிடையாது!"

அதைக் கேட்டதும் பொன்முதுகு முன்னால் வந்தது. "அவ்வளவு திறமை என்றால் எனக்கும் பத்துப் பழம் தரச் சொல்லுங்கள், ராஜா. இவரிடம் பிடிக்காவிட்டால் வேறு தோப்புக்குப் போகவும் விடச் சொல்லுங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்."

"நியாயமான பேச்சு" என்றது சிங்கம். "பத்துப் பழமே கொடு, கங்காணி. போகிற உரிமையும் கொடு."

நரி துள்ளிக் குதித்தது. "பத்தா? பத்துப் பழம் கொடுப்பதென்றால் இவனை எதற்கு ஆற்றைத் தாண்டி இழுத்து வர வேண்டும்? செங்கொண்டையையே வைத்துக்கொண்டிருப்பேனே!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அதற்கே உறைத்தது.

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கழுத்தை நீட்டியது. "இப்போது கங்காணி கூவியது எனக்கு நன்றாகக் கேட்டது, ராஜா" என்றது.

சிங்கத்தின் தூக்கம் அப்போதுதான் முழுதாகத் தெளிந்தது. அந்த இடத்திலேயே நரியின் கங்காணிப் பதவியைப் பிடுங்கியது. "இங்கிருப்பவரோ வெளியிலிருந்து வந்தவரோ, இந்தத் தோப்பில் கொத்துகிற எவருக்கும் பத்துப் பழம்" என்று உறுமியது. பட்ட மரம் ஒன்றைக் காட்டி, பொன்முதுகை அதில் பொந்து குடைந்துகொள்ளச் சொன்னது. மற்றதையெல்லாம் கேட்கச் செங்கொண்டை அங்கே நிற்கவில்லை. "நாம் எங்கேயும் போக வேண்டாம்" என்று மனைவியிடம் சொல்லப் பொந்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

நீதி: "இங்கே திறமையானவர் இல்லை" என்பவன் பல நேரம் தேடுவது திறமையை அல்ல, குறைந்த கூலியை. கோபம் அவன்மேல் இருக்கட்டும். அவன் அழைத்து வந்தவன்மேல் வேண்டாம்.