நண்டுக்காசுக்குச் சாட்சி

"என் காசையெல்லாம் பொய்க்காசுன்னு சொல்லிப்போட்டாங்க டீச்சர்."

படியேறி வந்த நாச்சிமுத்து மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் கையிலிருந்த எவர்சில்வர் டப்பாவை மேசைமேல் வைத்தார்.

மரகதவல்லி டீச்சர் டப்பாவைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"உக்காருங்கண்ணா. இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு."

கரூரில் ஒரு தையல்கடை மாடியில் இருந்தது அந்த அறை. ஊரில் பழங்காசு சேர்க்கிறவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவது வழக்கம். டீச்சர் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவர், பழங்காசில் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர். நாச்சிமுத்து அவரைவிட மூத்தவர். பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறவர். கடைவீதியில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். ஆனாலும் பழைய எழுத்தை இந்த டீச்சரிடம்தான் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த மரியாதை இன்னும் போகவில்லை. வருவதுதான் நின்றுபோயிருந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் அடுக்கிக் கிடந்தன.

"இன்னிக்குக் கூட்டம்தானுங்களே? யாரையும் காணோம்?"

"கூட்டம்தான்," என்றார் டீச்சர். "நான் வந்திருக்கனே."

நாச்சிமுத்துவுக்கு அதை மேற்கொண்டு விசாரிக்கும் பொறுமை இல்லை. அவர் கதையே அவருக்குப் பெரிதாக இருந்தது.

"திருச்சியில ஒரு கண்காட்சி போட்டாங்க. நண்டுக்காசு முழுசையும் கொண்டுபோய் வெச்சேன். பெரிய ஆளுங்க வந்து பார்த்தாங்க. இப்படி ஒரு காசை நாங்க எங்கியும் பார்த்ததில்லை, புஸ்தகத்துலயும் இல்லை, வேற யாரு கையிலயும் இல்லை, ஒரே ஆளுகிட்ட மட்டும் இத்தனை எப்படி இருக்கும்னு கேட்டாங்க. அப்பறம் ஒருத்தரு, பட்டறையில வார்த்த காசா இருக்கும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிப்போட்டாரு. மைக்கு பக்கத்துலயே. எங்க சம்பந்தி வேற நின்னுக்கிட்டிருந்தாரு."

சொல்லி முடித்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. அவமானம் இன்னும் ஆறவில்லை.

நண்டுக்காசு என்பது சுண்டுவிரல் நகத்தளவுச் செம்பு. ஒரு பக்கம் நண்டு, மறுபக்கம் எழுத்து. அமராவதி ஆற்று மணலில் எப்போதாவது ஒன்று அகப்படும். அந்தக் காலத்தில் அச்சைப் பெரிதாகச் செய்துவிட்டுச் செம்பைச் சிறிதாக வெட்டிவிட்டார்கள். அதனால் ஒரு காசில் இரண்டு மூன்று எழுத்துக்குமேல் விழாது. இதில் விழாதது அதில் விழுந்திருக்கும். பல காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பெயரைக் கூட்டிப் படிக்க முடியும்.

யார் பெயர் என்பது இன்றுவரை தெரியாது. முன்பாதி கிடைத்துவிட்டது. பின்பாதி நாச்சிமுத்துவின் எந்தக் காசிலும் இல்லை.

அந்தப் பெயரைத் தன் காசை வைத்துத் தானே படித்துவிட வேண்டும். அதுதான் அவருடைய ஆசை. சாதாரண ஆசை இல்லை. ஆற்றில் ஒன்று கிடைத்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பை விட்டுவிட்டு ஓடிய மனிதர் அவர்.

"நீங்க எழுதிக் குடுத்தா நம்புவாங்க டீச்சர். நெசக்காசுன்னு ஒரு வரி போதும்."

"நெசக்காசுதான். எனக்குச் சந்தேகம் இல்லை."

"அப்ப எழுதுங்க."

"எழுதலாம். வேற யாருகிட்ட இந்தக் காசைப் பார்த்தீங்கன்னு என்னைக் கேப்பாங்களே. என்ன சொல்லட்டும்?"

"யாருகிட்டயும் இல்லைன்னு சொல்லுங்க. கெடைச்சது அத்தனையும் எங்கிட்டத்தான் இருக்குது."

இவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. பழக்கம் அப்படி.

"அவங்களும் அதைத்தானே சொன்னாங்க," என்றார் டீச்சர்.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"நான் யாருகிட்டயும் புடுங்கலீங்க. கேட்டதுக்கு மேலயே குடுத்தேன். சந்தோசமா வித்தாங்க."

"தெரியுமுங்கண்ணா."

"இதுல என்னங்க தப்பு?"

டீச்சர் எழுந்துபோய் மூலையிலிருந்த அடுக்கில் ஒரு நாற்காலியை உருவினார். அது அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு வந்தது. காலால் மிதித்துப் பிரித்தார். நாச்சிமுத்து உதவிக்கு எழப் போனார்.

"நீங்க இருங்க."

ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வட்டமாகப் போட்டார். தூசியை முந்தானையால் துடைத்தார். பழைய கூட்டம் உட்கார்ந்த அதே வட்டம்.

அந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குப் புதிதாக எந்தக் காசு கிடைத்தாலும், சொந்தக்காரர் அதை வைத்துக்கொள்வதற்கு முன் வட்டத்தில் ஒரு சுற்று வரவேண்டும். எல்லாருடைய உள்ளங்கையிலும் ஒரு தடவை உட்கார வேண்டும். ஒருவர் கனத்தைப் பார்ப்பார், ஒருவர் எழுத்தைத் தடவிப் பார்ப்பார், ஒருவர் சும்மா "அடடா" என்பார். சுற்றி முடித்தபின் யாரும் விற்கலாம், மாற்றலாம், கொண்டுபோகலாம்.

நாச்சிமுத்து இந்த வழக்கத்தை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டத்தன்று விடிகாலையில் அவர் கார் நேராகக் காசு கிடைத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். காசு மாடிப்படி ஏறுவதற்குள் அவர் பெட்டிக்குப் போய்விடும். அவ்வளவுதான் நடந்தது.

டீச்சர் டப்பாவைத் திறந்தார். ஒரு காசை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

"நண்டுக்கு ஒரு கொடுக்கு ஒடிஞ்சிருக்குது. இது சவரிமுத்து ஆத்துல எடுத்தது."

கதவோரம் இருந்த நாற்காலியில் அதை வைத்தார்.

"இது நம்ம ஹோமியோபதி டாக்டரு, இதாயத்துல்லா பாய் கொண்டாந்தது."

அடுத்த நாற்காலி.

"இது போஸ்டாபீஸ் கோகிலவாணியோடது. பச்சைக் களிம்பு புடிச்சிருக்கும், புளி போட்டுத் தேய்க்கக் கூடாதுன்னு சண்டை போட்டாங்களே."

இப்படியே வட்டம் முழுவதும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு போனார். கடைசியில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேளுங்கண்ணா."

"யாரைக் கேக்கறதுங்க?"

"இவங்களைத்தான். நெசமா பொய்யான்னு கேளுங்க."

நாச்சிமுத்து வட்டத்தைப் பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அகலமான வெள்ளை நாற்காலிகளில் அந்தச் செம்புத் துண்டுகள் உட்கார்ந்த இடம் தெரியவில்லை. கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

டாக்டரின் நாற்காலியைக் காட்டி அவர் கேட்டார்.

"டாக்டரு என்ன பண்றாருங்க?"

"கொஞ்ச நாள் ஸ்டாம்பு சேர்த்தாரு. இப்ப அதும் இல்லை."

"கோகிலவாணி?"

"சீரியல் பாக்கறாங்க."

"சவரிமுத்து?"

"புறா வளக்கறாரு."

"நான் யாரையும் வராதீங்கன்னு சொல்லலீங்களே டீச்சர்."

"இல்லீங்கண்ணா. நீங்க சொல்லலை."

நாச்சிமுத்துவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. திருச்சியில் எல்லாரும் சிரித்தபோதுகூட இப்படி இருக்கவில்லை. அங்கே கோபம் வந்தது. இங்கே கோபப்படுவதற்கும் ஆள் இல்லை.

எழுந்து கதவோரம் போனார். கொடுக்கு ஒடிந்த நண்டை எடுத்தார்.

"இதை எடுத்துக்கட்டுங்களா?"

"உங்க காசு. எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

"மத்ததெல்லாம் நாற்காலியிலயே இருக்கட்டுங்க," என்றார் அவர். டப்பாவை மூடாமலேயே படியிறங்கிப் போனார்.

சவரிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பசுபதிபாளையத்தில் வீடு. வாசலில் நின்று புறாக்களுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவின் கார் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க," என்றார். வந்தவரை உள்ளே அழைக்கக்கூட இல்லை. "எல்லாம் அப்பவே வித்தாச்சு."

"எதையும் கேட்டு வரலீங்க. இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு காசை வாங்கினார். ஒடிந்த கொடுக்கைக் கட்டைவிரலால் தடவினார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"இதுக்கு நான் என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க."

"சும்மாவா?"

"சும்மாதாங்க."

சவரிமுத்து நம்பவில்லை. நம்புவதற்கு நாச்சிமுத்து அதுவரை எந்தக் காரணமும் கொடுத்ததில்லை. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்.

"திருச்சியில இதைப் பொய்க்காசுன்னு சொன்னாங்களாமே?"

"ஆமாங்க."

"எந்த மடையன் சொன்னான்? இடுப்பளவுத் தண்ணியில நின்னு மணலை அலசினது நானு. இந்தக் கையில கெடைச்சது."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் நாச்சிமுத்து இத்தனை நாளும் ஏங்கிக் கிடந்தார். கேட்டதும் தலையை ஆட்டினார்.

சவரிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. புறாக்கள் நாச்சிமுத்துவின் செருப்பைச் சுற்றிக் கம்பு பொறுக்கின.

திரும்பி வந்தபோது சவரிமுத்துவின் ஒரு கை மூடியிருந்தது.

"நீங்க வாங்கிட்டுப் போன அடுத்த வருசம் இன்னொண்ணு கெடைச்சுதுங்க," என்றார். "உங்க காதுக்குப் போனா காசும் போயிரும்னு வெளிய மூச்சு விடலை. கூட்டத்துக்குப் போனா வாய் தவறிச் சொல்லிப்போடுவேன்னுதான் அங்க போறதையே நிறுத்திப்போட்டேன். டீச்சருக்குக்கூடத் தெரியாது."

கையை விரித்தார்.

நண்டு. முழு நண்டு. சவரிமுத்து அதை மெதுவாகப் புரட்டிப் போட்டார். மற்ற எந்தக் காசிலும் விழாத பின்பாதி எழுத்து இதில் வரிசையாக விழுந்திருந்தது.

நாச்சிமுத்துவின் கை சட்டைப்பைக்குப் போனது.

சவரிமுத்து சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டார்.

"என்னத்தைங்க எடுக்கறீங்க?"

"கண்ணாடிங்க," என்றார் நாச்சிமுத்து. "காசு உங்க கையிலயே இருக்கட்டும். படிக்க மட்டும் காட்டுங்க."