நாமக்கோழி ஏறிய லேசான காற்று

ஒவ்வொரு கார்த்திகையிலும் பனிமலையைத் தாண்டி ஆலடிக் குளத்துக்கு வந்து இறங்குவாள் வரிச்சி என்ற வாத்து. தலையில் இரண்டு கறுப்பு வரி, வாயில் ஓயாத ஜம்பம்! அதை வாய் பிளந்து கேட்க அங்கே நாமன் என்ற நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவை, இருந்தான். பாவம், வெள்ளை மனசுக்காரன்.

நாமன் முக்குளிப்பதில் கெட்டிக்காரன். "அக்கா, நம்ம குளத்துல மேல தண்ணி. அடியில சேறு. அதுக்கும் கீழ களிமண், அப்புறம் பாறை. மேல இருக்கிற பாரம் அழுத்தி அழுத்தி, கீழ போகப் போகக் கெட்டி! அப்போ காத்து மேல போகப் போக லேசா?"

"ஆமாம். பனிமலை உச்சியில் ரொம்பவே லேசு" என்றாள் வரிச்சி.

நாமன் துள்ளினான். "சேத்துல நடந்தா கால் கடுக்குது. தண்ணியில நீந்தினா சுகம். காத்துல பறந்தா அதைவிடச் சுகம். லேசான காத்துல சிறகே அடிக்க வேண்டாம் போல! இந்தப் பங்குனிக்கு நீங்க மலை தாண்டித் திரும்பறப்போ நானும் உங்ககூட வரேன்!"

வரிச்சிக்குச் சுருக்கென்றது. லேசான காற்று சிறகைத் தாங்காது, மூச்சுக்கும் பத்தாது. அவளே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவாள். ஆனால் அதைச் சொன்னால் இத்தனை நாள் அடித்த ஜம்பம் என்னாவது?

"அதெல்லாம் தூசுப்பா! வா, வா!" என்றாள். அடிப்பாவி! ஒரே ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கக் கூடாதா?

"உங்களை நம்பித்தான் அனுப்புறேன் அக்கா" என்றாள், கிளம்பும் நாளில் நாமனின் மனைவி செங்கண்ணி.

பல நாள் பறந்து இருவரும் மலையடிக்கு வந்தார்கள். உயரம் ஏற ஏற நாமனின் சிறகு படபடவென்று அடித்தது. தள்ளுவதற்குத்தான் காற்று இல்லை.

"அக்கா! காத்து எங்கேக்கா?" என்று திணறினான்.

"இறங்குடா! கீழே இறங்கு!" என்று வரிச்சி கதறினாள். அதைக் கேட்க அவனுக்கு நேரமில்லை. கல்லைப் போல விழுந்தான்.

அடுத்த கார்த்திகையில் வரிச்சி சத்தமில்லாமல் குளத்தில் இறங்கினாள். செங்கண்ணி வேகமாக நீந்தி வந்தாள். "அவர் பின்னால வராரா அக்கா?"

வரிச்சி நடந்ததைச் சொல்லி அழுதாள். செங்கண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் காத்து தாங்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

செங்கண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் பனிமலை பற்றி யார் கேட்டாலும் வரிச்சி முதலில் ஆபத்தைத்தான் சொல்கிறாள். கேட்க நாமன்தான் இல்லை.

தெரிந்த ஆபத்தைத் தன் பெருமைக்காக மறைப்பது, நம்பி வந்தவரைத் தானே பிடித்துத் தள்ளுவதற்குச் சமம்.