கோட்டைக் காவலனும் கொல்லை அணில்களும்

ஊருக்கு ஊர் கோட்டையும் கொத்தளமுமாக இருந்த காலத்தில் நடந்தது இது, கேளுங்கள்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கொற்றன் என்று ஒருவன் இருந்தான். ராஜாவின் கோட்டை வாசலை வெகுகாலம் காத்தவன். வயதானதும் ஈட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவி சீதேவியோடு வீட்டுக் கொல்லையில் காய்கறி போட்டான். கத்தரி, வெண்டை, வெள்ளரி, பீர்க்கு, பந்தலில் அவரை.

அந்த வருஷக் கோடை பொல்லாத கோடை. ஏரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. கிணற்றில் ஊறும் கொஞ்சத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றி, கொற்றன் தன் கொல்லையை மட்டும் பச்சையாக வைத்திருந்தான். வயல் காய்ந்துபோனதால் அந்தக் காய்களை நம்பித்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது.

அங்கேதான் அணில்கள் வந்தன. பிஞ்சைக் கடித்தன, போட்டுவிட்டு ஓடின.

"கோட்டையையே காத்தவன் நான். இந்தக் கொல்லையைக் காக்க மாட்டேனா?" என்று கொற்றன் மீசையைத் தடவினான்.

முதலில் வைக்கோல் பொம்மை செய்து நிறுத்தினான். ஓர் அணில் பொம்மையின் தலைமேல் உட்கார்ந்து பீர்க்கம்பிஞ்சைக் கடித்தது.

பிறகு சுற்றிலும் முள்வேலி போட்டான். அணில்கள் இடுக்கில் புகுந்து போயின. முள் குத்தியது கொற்றனின் காலில்தான்.

மூன்றாவதாகக் கோடரியை எடுத்தான். கொல்லையை ஒட்டி நின்ற புங்கமரத்தில்தான் அணில்களுக்குக் குடியிருப்பு. பெரிய கிளை ஒன்றை வெட்டிச் சாய்த்தான். கிளையோடு ஒரு கூடும் விழுந்து சிதறியது. தாய் அணில் ஓடிவந்து, கண் திறக்காத குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு கூரைக்கு ஏறியது. கொற்றனுக்கு அடுத்த வெட்டுக்குக் கை எழவில்லை.

நிழல் போனதும் உச்சி வெயில் நேரே பந்தலில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் அவரைக்கொடி கருகிப்போயிற்று.

சீதேவி கடிபட்ட காய்களைப் பொறுக்கி மடியில் போட்டபடி சொன்னாள்: "இங்கே பாருங்க. கத்தரியில பல்லே படல. வெண்டையும் அப்படியே இருக்கு. வெள்ளரியும் பீர்க்கும்தான் கடிபட்டிருக்கு. அதையும் தின்னல, சாற்றை உறிஞ்சிட்டுப் போட்டிருக்கு."

கொற்றன் ஒரு காயை வாங்கிப் பார்த்தான். ஒருமுறை எதிரிப்படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே தண்ணீர் தீர்ந்து, அவனும் வாழைத்தண்டைக் கடித்துச் சாற்றை உறிஞ்சியவன்தான்.

"பசியில்லை, சீதேவி. தாகம்," என்றான்.

மறுநாள் விடிந்ததும் அகலமான மண்சட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பிப் புங்கமரத்தடியில் வைத்தான். வெயில் ஏறியதும் அணில்கள் வந்தன. சட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து குடித்தன. கொல்லைப் பக்கம் திரும்பாமல் மரமேறிப் போயின.

அதன் பிறகும் எப்போதாவது ஒரு பிஞ்சு கடிபட்டது. கொற்றன் அதைப் பொருட்படுத்தவில்லை. கருகிய அவரை மட்டும் கருகியதுதான். அந்தக் கோடையில் அது மறுபடி தழைக்கவில்லை. மற்றக் காய்கள் மழை வரும்வரை அவர்களுக்குச் சோறு போட்டன.

ஆகவே கேட்டவர்களே, நமக்குக் கெடுதல் செய்கிறவரை விரட்ட ஆயுதம் எடுப்பதற்கு முன்னால், அவருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும்.