வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கதவு

இக்கதையைச் சொன்னவர் குலாம் தஸ்தகீர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்றுவந்தவர். ஓர் ஆடிமாத மழையில் கடைக்கு ஆள் வராத பிற்பகலில் சொன்னார். ஏற்காட்டில் கேட்ட வேறு இரண்டு வடிவங்களும் உண்டு. மூன்றும் முடிவில்தான் பிரிகின்றன. கீழே வருவது தஸ்தகீர் சொன்னபடி.

ஏற்காட்டு மலைச்சரிவில் மங்கையர்க்கரசி அம்மையார் ஒரு மடம் நடத்திவந்தார். அங்கேயே தங்கிவிட வருகிறவர் தமக்கு மிகப் பிரியமான ஒரு பொருளை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மடம் அதை எடுத்துப் புழங்கும். கொடுத்தவர் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் பக்குவப்பட்டார் என்று அம்மையாருக்குத் தோன்றும் நாளில், அவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று அடுக்களை அலமாரியில் ஏறும். அதுவரை விருந்தாளிக்குப் போல வாழையிலையில்தான் சோறு.

பொன்னம்பலநாதன் கொண்டுவந்தது ஒரு கார்.

அவர் அணைக்கட்டுப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர்; அம்மையாரைவிட வயதில் மூத்தவர். கார் ஐரோப்பாவில் செய்த கருநீலச் செடான். மூன்று பேர் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்டபின் அவர் கைக்கு வந்தது. ஒரு ரப்பர் குழாய்க்காக ஊர் ஊராக அலைந்திருக்கிறார். மனைவி காலமானபின் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்பது காலையில் கார் உறையை விலக்கும்போதுதான் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

சாவியை அம்மையாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"வண்டியைப் பத்திச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குங்களா ஐயா?"

எவ்வளவோ இருந்தது. சூடு காட்டும் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும், அது பொய். மலை ஏறுமுன் தண்ணீர் பார்க்க வேண்டும். இடது பின்கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். ரிவர்ஸ் விழ வேண்டுமானால் இரண்டாம் கியரைத் தொட்டுவிட்டு வர வேண்டும். ஆனால் இவற்றைச் சொன்னால் தம் மனம் இன்னும் அந்த வண்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்று ஆகிவிடாதா? நாக்கு நுனிவரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லைங்கம்மா. அது இனிமே என்னுது இல்ல."

அம்மையார் சாவியின் மேல் விரல்களை மூடினார். பிறகு தலையை அசைத்தார்.

மறுநாள் முதல் அம்மையாரே காரை ஓட்டினார். பொன்னம்பலநாதனுக்கு அடுக்களையில் காய் நறுக்கும் வேலை. முற்றத்தில் கியர் பல்லைக் கடிக்கும் ஓசை கேட்கும். அவர் நிமிர மாட்டார்.

"கத்தரிக்காயைப் பாருங்க ஐயா, விரல் வந்துடப் போவுது" என்பார் சமையல் வேலம்மாள். காரில் ஒவ்வொரு ஓசை எழும்போதும் அவர் நறுக்கும் துண்டு பெரிதாகிறது, சிறிதாகிறது என்று பந்தியில் சொல்லிச் சிரிப்பார். பொன்னம்பலநாதன் இலையைப் பார்த்துச் சாப்பிடுவார். அலமாரியில் மற்றவர்களின் தட்டுகள் வரிசையாக மின்னும்.

சித்திரை வெயிலில் வேலம்மாளுக்குச் சேலத்தில் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. அழைத்துவர அம்மையார் காரில் மலையிறங்கினார். புறப்படும்போது யாரும் தண்ணீர் பார்க்கவில்லை என்பதைப் பொன்னம்பலநாதன் கண்டார். அன்றும் வாயைத் திறக்கவில்லை.

பிற்பகலில் மேலேறி வந்த பால் வேன்காரர், கொண்டையூசி வளைவொன்றில் மடத்து வண்டி புகைந்துகொண்டு நிற்கிறது என்றார். பொன்னம்பலநாதன் கத்தியைப் போட்டுவிட்டு அதே வேனைத் திருப்பச் சொல்லி ஏறிக்கொண்டார்.

பானெட் திறந்திருந்தது. ஆவி சீறிக்கொண்டிருந்தது. பின்சீட்டின் வலப்புறத்தை அரிசி மூட்டை அடைத்திருக்க, ஒரு கண்ணில் கட்டோடு வேலம்மாள் இடது கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மையார் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றி, ரேடியேட்டர் மூடியைத் திருகக் குனிந்திருந்தார்.

"தொடாதீங்க!"

அந்தக் குரலை மடத்தில் எவரும் கேட்டதில்லை. பொன்னம்பலநாதன் ஓடிவந்து அம்மையாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "கொதிக்கையில தொறந்தா மூஞ்சியெல்லாம் வெந்துடுமுங்கம்மா."

பிறகு போய்ப் பின்கதவை வெளியிலிருந்து திறந்தார். வேலம்மாள் வியர்வையைத் துடைத்தபடி இறங்கினார்.

"இந்தக் கதவு அப்படியே உங்களாட்டந்தான் ஐயா. உள்ள இருந்து எவ்வளவு தட்டினாலும் தொறக்கல."

எஞ்சின் ஆறும்வரை மூவரும் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தார்கள். பொன்னம்பலநாதன் சொல்லத் தொடங்கினார். முள்ளின் பொய்யைச் சொன்னார். கூலன்ட் கசிந்து இனிப்பு வாடை வந்தால் முள் எதைக் காட்டினாலும் நிறுத்திவிட வேண்டும் என்றார். மழைக்காலத்தில் காலையில் எஞ்சின் எப்படி இருமும், எந்த இருமலுக்குப் பயப்பட வேண்டாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அம்மையார் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். பொன்னம்பலநாதன் தண்ணீர் ஊற்றி முடித்ததும் ஓட்டுநர் இருக்கையில் அம்மையாரையே உட்காரச் சொல்லி, தாம் பக்கத்தில் அமர்ந்தார்.

"ஹீட்டரைப் போடுங்கம்மா."

"இந்த வெயில்லயா?"

"எஞ்சின் சூட்டை நம்ம பக்கம் இழுத்துக்கும். நமக்கு வேர்க்கும், அது பொழைச்சுக்கும்."

ஜன்னல்களை இறக்கி, மூவரும் தொப்பலாக நனைந்தபடி மலையேறினார்கள். வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது அம்மையார் இரண்டாம் கியரைத் தொட்டுவிட்டு வந்தார். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

பொன்னம்பலநாதன் இறங்கவில்லை.

"தோத்துட்டேங்கம்மா. கொடுத்த பொருளுக்காக ஓடினேன். உங்களையே அதட்டினேன். தட்டுக்கு ஆசைப்பட எனக்கு யோக்கியதை இல்ல. காலையில கிளம்பிடறேன்."

அம்மையார் எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அன்னிக்கு நீங்க சாவியைத்தாங்க ஐயா கொடுத்தீங்க. வண்டியை இன்னிக்குத்தான் கொடுத்தீங்க."

தஸ்தகீர் கதையை இத்துடன் நிறுத்திவிட்டார். மறுநாள் பந்தியில் பொன்னம்பலநாதனுக்கு இலை போடவில்லை, பெயர் வெட்டிய தட்டு வந்தது என்பார் ஏற்காட்டில் தேநீர்க்கடை வைத்திருக்கும் எஸ்தர். மடத்துக்குப் பால் ஊற்றிய சின்னையனின் வடிவத்தில் தட்டு வரவே இல்லை. அம்மையார் சாவியை அவரிடமே திருப்பித் தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார், அவரும் அவ்வப்போது அந்தக் காரிலேயே வந்து காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இடது பின்கதவை மட்டும் கடைசிவரை யாரும் பழுது பார்க்கவில்லை என்பதில் மூவருக்கும் வேறுபாடில்லை. உள்ளே இருப்பவருக்காக யாராவது ஒருவர் இறங்கிச் சுற்றிவந்து திறந்துவிடுவார்களாம்.